பதினோரு நொடி இடைவேளை

27 ஏப்ரல் 2025, ஞாயிறு

பதினோரு நொடிக்காக ஒரு இசைக்குழுவை உடைத்தது சரியா? தெரியவில்லை. இருபத்தேழு வருஷமாகத் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதி வைத்துவிட்டால் துணி மடிக்கப் போகலாம் என்று பார்க்கிறேன்.

இன்று இதைக் கிளப்பிவிட்டவள் டிரேசி. வடக்கே ஃபாங்கரேயில் கோழி வளர்க்கிறாள். அந்தக் காலத்தில் எங்கள் ‘கோல்ட் பை’ குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவள். ஓர் ஏல இணையதளத்தின் பக்கத்தை அனுப்பியிருந்தாள். ‘கோல்ட் பை, ஆக்லாந்து, 1998. பங்க் ராக். ஏழு அங்குல இசைத்தட்டு. மிக அரிது.’ ஒசாகாவில் யாரோ வாங்கியிருக்கிறார். என் காரை விற்றாலும் அவ்வளவு வராது.

அரிதுதான். ஒவ்வொன்றாக வெட்டித் தரும் மலிவான பிளாஸ்டிக் தட்டு. முப்பதுக்கு மேல் வெட்டிக்கொள்ள எங்களுக்கு வக்கில்லை. மேலுறை, சான்ட்ரிங்ஹாம் பகுதி இந்தியக் கடை வாசலில் கிடந்த மாம்பழக்கூழ் அட்டைப்பெட்டிகள். விற்பனைக் குறிப்பு அதைக் ‘காலனிய வணிகத்தின் மீதான கூர்மையான விமர்சனம்’ என்கிறது. நான் வெட்டிய அட்டையில் எறும்பு இருந்தது. அதையும் விமர்சனத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

29 ஏப்ரல், செவ்வாய்

விஷயத்தை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். மருத்துவமனையில் அடுத்தவர்களின் ஆய்வில் ஓட்டை தேடுவதுதான் என் தொழில். எனக்கும் ஒரு முறை செய்துகொள்ளலாம்.

மூன்று பேர். கவிநேசன் கிட்டாரும் பாட்டும். டிரேசி பேஸ். டிரம்ஸ் நான். மலேசியாவின் ஈப்போவிலிருந்து புள்ளியியல் படிக்க வந்தவள். டிரம்ஸ் வீட்டுக்குத் தெரியாது. தட்டில் ஒரே பாட்டு, வணிக வானொலியைத் திட்டி. அதே பத்துப் பாட்டைச் சுற்றிச் சுற்றிப் போட்டு நடுவில் மெத்தை விற்கிற ஸ்டேஷன்களை. பாதியில் கவி ‘விளம்பரத்துக்குப் பிறகு சந்திப்போம்’ என்று ஆங்கிலத்தில் கத்துவான். சட்டென்று நிறுத்துவோம். பதினோரு நொடி, எவனும் எதையும் விற்காத இடைவேளை. பிறகு மறுபடி அடி.

தட்டை எடுத்துக்கொண்டு, எந்த ஸ்டேஷனைத் திட்டியிருந்தோமோ அங்கேயே போய் நின்றோம். அந்த வயதில் இதெல்லாம் உறைக்காது. நிகழ்ச்சிப் பொறுப்பாளர் குடுமி வைத்திருந்தார். பாட்டு பிடித்திருக்கிறது, திட்டினால் திட்டிக்கொள்ளுங்கள், அந்த இடைவெளியை மட்டும் வெட்டிவிட்டால் வியாழன் மாலை போடுகிறேன் என்றார். சத்தம் நின்றால் நாலே நொடியில் ஜனங்கள் வேறு ஸ்டேஷனுக்குப் போய்விடுவார்களாம். எத்தனை பேரை வைத்துக் கணக்கெடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் கவியைப் பார்த்தார். கவி என்னைப் பார்த்தான். டிரேசி அவர் மேசையிலிருந்த பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள்.

வெட்டலாம் என்றான் கவி. கூடாது என்றேன் நான். படிக்கட்டில் தொடங்கிய சண்டை பஸ் நிறுத்தத்தில் முடிந்தது. குழுவும்.

2 மே, வெள்ளி

நியூசிலாந்து இசை மாதம் பிறந்துவிட்டது. மே முழுக்க இந்த நாட்டு வானொலிகளுக்கு இந்த நாட்டுப் பாட்டின் மேல் பாசம் பொங்கும். ஜூனில் குணமாகிவிடும்.

6 மே, செவ்வாய்

கோகுல் என்று ஒரு பையன் போன் செய்தான். கோயம்புத்தூர்க்காரன். இங்கேயுள்ள இந்திய வணிக வானொலி ஒன்றில் காலைத் தமிழ் நிகழ்ச்சி செய்கிறான். டிரேசியிடம் என் நம்பரை வாங்கியிருக்கிறான்.

“நியூசிலாந்துத் தமிழர் பாட்டுன்னு தேடுனா, ஒரு சர்ச் கொயர் இருக்குதுங்க, ஒரு பிள்ளையார் சிடி இருக்குதுங்க, அப்பறம் நீங்கதான்க்கா இருக்கீங்க.”

“பாட்ட கேட்டியா?”

“இல்லீங்க. யாருகிட்டயும் இல்லையேங்க.”

அவன் வேலை செய்யும் முறை எனக்குப் பிடித்திருந்தது. பாட்டு ஆங்கிலத்தில் என்றேன். “அதனாலென்னங்க, டிரம்ஸ் அடிக்கறது தமிழ்தானுங்களே.” உன் ஸ்டேஷன் மாதிரி ரேடியோக்களைத் திட்டுகிற பாட்டு என்றேன். “எல்லாரும் திட்டறதுதானுங்க.”

என்னுடைய பிரதி அலமாரி மேல்தட்டில் இருக்கிறது. மிருதுவான பிளாஸ்டிக், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஊசி கொஞ்சம் சுரண்டிக்கொண்டு போகும். இருபது வருஷமாக ஓட்டவில்லை. தருகிறேன், இடைவெளியில் ஒரு நொடிகூட வெட்டக்கூடாது, பாட்டை எழுதிய கவிநேசனிடமும் கேட்க வேண்டும் என்றேன்.

“கவிநேசன் சாருங்களா? அவரு நம்ம கிளையண்டுங்க்கா. டெய்லி காலைல அவரு ஹோம் லோன் கம்பெனி விளம்பரம்தானுங்களே ஓடுது.”

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசை லக்ஷ்மிப்ரியா எட்டிப் பார்த்தாள். அலுவலகத்தில் நான் சிரிப்பதில்லை.

10 மே, சனி

சான்ட்ரிங்ஹாமில் கவியைப் பார்த்தேன், தோசைக் கடையில். இத்தனை வருஷத்தில் மூன்று கல்யாணங்களில் தலையசைத்திருக்கிறோம். ஒரு பந்தியில் அவன் நகர்த்திய அப்பளத்தட்டை நான் வாங்கியிருக்கிறேன். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. இப்போது அவனுக்கு நகரின் கிழக்கே பாட்டனி டவுன்ஸில் அலுவலகம். தலையில் முடி இல்லை. சட்டையில் கம்பெனிப் பெயர்.

“நீர் மாறவே இல்லை.”

“நீ மாறிட்ட. நெஞ்சுல போர்டு மாட்டியிருக்க.”

“ஓம். பொறும், முதுகிலையும் இருக்கு.” எழுந்து திரும்பிக் காட்டினான். இருந்தது. போன் நம்பரோடு.

அவன் மகள் மஹதிக்குப் பதினேழு வயது. அப்பா ஒரு காலத்தில் பங்க் குழுவில் பாடினார் என்பதை நம்ப மாட்டேன் என்கிறாளாம். ஆதாரம் கேட்கிறாள். அவனிடம் ஒன்றுமில்லை, வீடு மாறியதில் எல்லாம் போய்விட்டது. பார்க்காமலேயே எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது.

தோசை வந்த பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “அண்டைக்கு வெட்டுவம் எண்டு நான் சொன்னது அம்மாவுக்காக. அவவுக்குக் கடுமையா ஏலாமல் இருந்தது. ஒருக்கா ரேடியோவிலை கேக்கட்டும் எண்டு நினைச்சன். அடுத்த வருசம் கண்ணை மூடிட்டா.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“பங்க் பாண்ட் எண்டு வைச்சுக்கொண்டு அம்மாவைப் பற்றிக் கதைக்கலாமோ?”

தோசை புளித்திருந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. புளிக்கவில்லை. பாதியில் வைத்துவிட்டேன்.

எனக்கு எப்படித் தெரியும்? சொன்னாத்தானே தெரியும். நானும்தான் கேக்கல. ஒரு வார்த்தை கேக்கல.

11 மே, ஞாயிறு

எனக்கு வேண்டியது அந்த இடைவெளியா, நான் சொன்னது சரி என்பதா? இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

15 மே, வியாழன்

கவி சரி என்றதும் தட்டைக் கொடுத்தேன். கோகுல் பாட்டைக் கணினியில் ஏற்றிவிட்டான். முதலாளியிடம் போட்டுக் காட்டியிருக்கிறான். திட்டு பிரச்சினையில்லையாம். மௌனம்தான் பிரச்சினை. ரேடியோ செத்துப்போச்சு என்று நினைத்து எல்லாரும் போய்விடுவார்களாம். 1998-லிருந்து இந்தத் துறை ஓர் அங்குலம் நகரவில்லை.

“ரெண்டு செகண்ட் வெச்சுக்கறேனுங்க்கா. ஒரு மரியாதைக்கு.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை; நேரே கவியைக் கூப்பிட்டேன். “வெட்டட்டும் விடு. உன் மக கேக்கணும், அவ்ளோதானே.”

“விசரே உமக்கு? இப்ப வெட்டுறதெண்டா அண்டைக்கே வெட்டியிருக்கலாமே.”

“அதத்தான் சொல்றேன்.”

“வையும் போனை.”

வைத்தேன். அவன் கோகுலின் முதலாளியைக் கூப்பிட்டு, இடைவெளி போனால் என் விளம்பரமும் போகும் என்று சொல்லிவிட்டான். தேநீர் ஆறுவதற்குள் சம்மதம் வந்துவிட்டது. ஆக, விளம்பரத்தைத் திட்டும் பாட்டை ஒரு விளம்பரதாரர் காப்பாற்றியிருக்கிறார். எவனும் எதையும் விற்காத பதினோரு நொடியைக் கவி விலைக்கு வாங்கிவிட்டான் என்றும் சொல்லலாம்.

டிரேசிக்கு எழுதினேன். அந்த இடைவெளியில்தான் தான் எப்போதும் மூக்கைச் சொறிந்துகொண்டதாகவும், ஆகவே அது கலையின் இன்றியமையாத பகுதி என்றும் பதில் வந்தது.

19 மே, திங்கள்

மழை. முழங்காலுக்கு மட்டும் அந்தத் தாளம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. கூட்டத்தில் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தது.

21 மே, புதன்

நாளைக் காலை எட்டு மணிச் செய்திக்கு முன் போடுகிறார்கள். கவியும் மஹதியும் ஸ்டூடியோவுக்குப் போகிறார்கள். என்னையும் பேட்டிக்கு அழைத்தான் கோகுல். மாட்டேன் என்றேன். காரில் கேட்டுக்கொள்வேன்.

“வராட்டிப் பரவாயில்லை. ஆனா முழுக்கக் கேளும்,” என்றான் கவி.

எனக்குப் பதற்றம் ஒன்றுமில்லை. நாளைக்கு உடுத்தும் சட்டைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டிருக்கிறேன். வானொலிக்கு.

22 மே, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சான்ட்ரிங்ஹாம் சாலையில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கோகுல் எங்களை அறிமுகப்படுத்தினான். வேதவள்ளி என்று என் பெயரை ஒழுங்காகச் சொன்னான். பாட்டு வந்தது. அவ்வளவு வேகமாகவா வாசித்தோம்? டிரம்ஸ் தகர டப்பாவை உருட்டுவது போல இருந்தது. கவியின் குரல் கீச்சென்று, மீசை அரும்பாத பையன் குரல். மோசமான ஒலிப்பதிவு. நன்றாக இருந்தது. மிக நன்றாக இருந்தது. கவி கத்தினான், விளம்பரத்துக்குப் பிறகு சந்திப்போம் என்று. நிறுத்தினோம்.

அந்த இடைவெளியின் நீளம் உலகத்தில் என்னைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் காலையில் காரில் உட்கார்ந்திருந்தேன். பஸ் நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். காருக்குள் சத்தமே இல்லை. என் கை போய் ரேடியோப் பொத்தானை அழுத்தியது. நான் ஒன்றும் நினைக்கவில்லை. கைதான் போனது.

வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் விற்பனை. இந்த வாரம் மட்டும்.

எந்தப் பொத்தான், இடதா வலதா. கிரிக்கெட், பிரார்த்தனை, மறுபடி ஹீட் பம்ப். கண்டுபிடித்துத் திரும்பி வந்தபோது கோகுல் “அருமைங்க, அருமைங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு பெண் ஆங்கிலத்தில், சரி அப்பா, நம்புகிறேன் என்றாள். பின்னால் கவி சிரிக்கிற சத்தம். இரண்டாம் பாதி மொத்தமே நாற்பது நொடிதான்.

அலுவலகத்தில் ஒரே அட்டவணையை மதியம்வரை திறந்து வைத்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் கவி கூப்பிட்டான்.

“கேட்டனீரே?”

கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவனுக்குத் தெரியவே போவதில்லை.

“பாதி கேட்டேன். இடைவெளியில ஸ்டேஷன மாத்திட்டேன்.”

“ஆர் மாத்தினது?”

“நான்தான். கை போயிடுச்சு.”

போனில் ஒரு மாதிரி விக்கல் சத்தம். அழுகிறான் என்று நினைத்துப் பயந்துவிட்டேன். சிரிப்பு. யாரையோ கூப்பிட்டு, மஹதி, இஞ்சை வா, இதைக் கேள் என்றான். அந்தப் பெண்ணும் சிரித்தது.

“எத்தினை செக்கனிலை மாத்தினீர்?”

“அஞ்சு இருக்கும்,” என்றேன். குடுமிக்காரர் சொன்ன நாலைவிட ஒன்றாவது கூட இருக்கட்டும்.

மஹதி முழுப் பாட்டையும் போனில் பிடித்து வைத்திருக்கிறாளாம். சனிக்கிழமை கொண்டுவந்து மிச்சத்தைப் போட்டுக் காட்டுகிறோம் என்றான். எனக்கு முன்னால், ரேடியோ இல்லாமல், என் இரண்டு கையையும் கட்டி வைத்து.

வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றேன்.

“ஓம்,” என்றான். “என்ன கறி?”