குப்பம்மா எழுதிய அம்மன் பாட்டு ஏடு

பழவேற்காட்டுக் குப்பத்திலிருந்து, தை மாதம் எட்டாம் நாள்.

அருமை மகன் ராஜவேலுவுக்கு நைனா தேசப்பன் ஆசி சொல்லி எழுதுவது. கங்கையம்மன் காவலில் நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம், கொழும்புக் கோட்டையில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்று சேதி வந்தால்தான் உன் அம்மாவுக்குச் சோறு இறங்கும். ஐப்பசி மழையில் ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் நன்றாகத் திறந்துகொண்டது, இறால் படுகிறது, நம் படகுக்கு அடிப்பலகை மாற்றியாயிற்று. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், சொன்னால் கேட்காமல் கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறாள்.

தங்கை குப்பம்மாவுக்கு வளையல் வேண்டுமா, சேலை வேண்டுமா என்று போன கப்பலில் கேட்டு எழுதியிருந்தாய். பதினோரு வயதுப் பெண்ணுக்கு வேறு எதுவுமே வேண்டியிருக்கவில்லையப்பா, அம்மன் பாட்டு ஏடு ஒன்றுதான். காட்டூர் வேதாசலம் வீட்டு ஏட்டை நீ பார்த்திருப்பாய், ஆடித் திருவிழாவன்று சிவப்புப் பட்டில் சுற்றிக் கொண்டுவந்து பாடிவிட்டு அன்றைக்கே எடுத்துப் போய்விடுவார்கள். போன ஆடியில் இவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் எதிரில் போய் நின்று, எனக்கு இது வேணும் என்று கேட்டுவிட்டாள். நெல் விளைக்கும் பெரிய குடும்பத்துக்காரர், சிரித்துவிட்டு, வலை இழுக்கற வூட்டுப் பொண்ணுக்கு ஏடு இன்னாத்துக்கு என்றார். வருசத்துக்கு ஒரு நாள் கேட்டா போதலைங்க, தெனமும் பாடணும் என்றாள் இவள். ஏடு எங்கள் வீட்டை விட்டுப் போகாது என்று அவர் எழுந்துவிட்டார். அவர் மனைவி பவுனம்மாள்தான், அவ ஓலை கொண்டாந்து எழுதிக்கட்டுமே, நீங்க படிச்சா வாய் தேஞ்சா பூடும் என்று கேட்டு அவரை ஒப்புக்கொள்ள வைத்தாள். ஆனால் அவர், ஏட்டை அவள் தொடக்கூடாது, ஒரு நாளைக்கு ஒரு பாட்டுதான் படிப்பேன், ஒரு தடவைக்கு மேல் படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

நான் உனக்கு மணலில் எழுத்துக் காட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தே கற்றுக்கொண்டவள்தானே இவள், அந்த தைரியத்தில் சரி என்றுவிட்டாள். பனையோலையை நறுக்கி வேகவைத்து நிழலில் காயப்போட்டாள். என்னுடைய பழைய எழுத்தாணியை எடுத்துக்கொண்டு, புரட்டாசி முதல், அம்மா கருவாடு விற்கப் போகிற நாளிலெல்லாம் கூடவே காட்டூருக்குப் போனாள். நாற்பது பாட்டு. விரலில் கொப்புளம் வந்து உடைந்தது, துணி சுற்றிக்கொண்டு எழுதினாள். அடைமழையில் அம்மா போக முடியாதபோது நான் கூட்டிப்போனேன், வரப்பெல்லாம் முழுகி இவளுக்கு இடுப்பளவு தண்ணீர், ஓலைக்கட்டு தலைமேல். திரும்பிவிடலாம் என்றேன், நீ வேணா திரும்பு நைனா என்றாள்.

அன்றைக்கு இருபத்தேழாவது பாட்டு. அவர் படித்துக்கொண்டே வர, இவள் எழுதுவதை நிறுத்தி, ஐயா, ஒரு அடி உட்டுட்டீங்க என்றாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஏட்டுல இருக்கறது எனக்குத் தெரியுமா உனக்குத் தெரியுமா, எழுதறதுன்னா எழுது, இல்லேன்னா எழுந்து போ என்று சத்தம் போட்டார். நான் பயந்துபோய், வாம்மா போகலாம் என்று கையைப் பிடித்தேன். எழுந்திருக்கவில்லை. கடலுக்குப் போனவங்க கரைக்குத் திரும்பணும்னு கேக்கற அடி அது, போன ஆடியில நீங்களே பாடுனீங்க, எங்கண்ணன் கடல் தாண்டிப் போயிருக்கான், அது இல்லாம எழுத மாட்டேன் என்றாள். குரல் நடுங்கியது, கண்ணில் தண்ணீர், ஆனாலும் தலையைக் குனியவில்லை. அவர் ஏட்டைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். வரி தாவிப் படித்திருக்கிறார். எழுந்து வந்து ஏட்டை அவள் மடியிலேயே வைத்து, இனிமே நீயே பாத்து எழுதும்மா என்றார்.

மார்கழியில் எழுதி முடித்து, எழுத்து தெரியக் கரி பூசித் துடைத்து, கயிறு கோத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மஞ்சள் துணியில் கட்டிச் சாமிக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம் என்று அம்மா கேட்டதற்கு, கட்டி வெக்கறதுக்கா எழுதினேன் என்று வாங்கிக்கொண்டாள். இப்போது தினமும் படகு தள்ளும்போது கரையில் நின்று பாடுகிறாள். வரும் ஆடியில் அவள் தன் ஏட்டை வைத்துக்கொண்டு தம் பக்கத்தில் நின்று பாடவேண்டும் என்று வேதாசலமே சொல்லி அனுப்பியிருக்கிறார். பெண்பிள்ளை சாமி முன்னால் ஏடு பிரிப்பதா என்று இங்கே நாலு பேர் முணுமுணுக்கிறார்கள். என் மகள் நிற்பாள், பிடிக்காதவர்கள் அன்றைக்கு வீட்டில் இருந்துகொள்ளட்டும் என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டேன்.

வளையலும் சேலையும் வேண்டாம், நல்ல எஃகு எழுத்தாணி ஒன்று கொண்டு வா, மறந்துவிடாதே. உன் துரையிடம் ஊருக்கு வர இப்போதே உத்தரவு கேட்டு வைத்து ஆடிக்குள் வரப் பார். ஈரத் துணியோடு படுக்காதே, கப்பலில் யாரோடும் வம்பு வேண்டாம். அம்மன் உன்னைக் கரை சேர்க்கட்டும், நூறாண்டு இரு.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
நைனா தேசப்பன்