மாமன் இல்லாத பெண்

மே 8, வியாழன்

பிளஸ் டூ ரிசல்ட். காலையிலிருந்து போன் ஓயவில்லை. என்னிடம் சாயங்காலம் ட்யூஷன் படிப்பவர்களில் இளமதிதான் முதல். அவள் அம்மா தாயாரம்மாள் நூறு நாள் வேலையிலிருந்து அப்படியே மண் கையோடு ஓடி வந்தாள். வாசலில் நின்று, "நர்ஸ் படிப்புக்கு சீட் குடுப்பாங்களா டீச்சரு?" என்றாள்.

சீட் கொடுப்பார்கள். பீஸை யார் கொடுப்பது? செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் விசாரித்து வைத்திருக்கிறேன். ஜூன் கடைசிக்குள் முதல் வருஷப் பணமும் ஹாஸ்டல் பணமும் கட்டியாக வேண்டும். என் சம்பளத்தில் அது முடியும் என்றால் நான் ஏன் உத்திரமேரூர் நர்சரி பள்ளியில் நாளெல்லாம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கப் போகிறேன்.

நானும் சுகுமாரும் நடத்தும் பேஸ்புக் பக்கம் இருக்கிறதே, 'ஏரிக்கரைப் பிள்ளைகள்', அதில் போட்டுப் பார்க்கலாம். இதுவரை நோட்டு, பை, ஒரு தடவை சைக்கிள் என்றுதான் கேட்டிருக்கிறோம். இவ்வளவு பெரிய தொகை கேட்டதில்லை.

மே 11

இளமதி வீட்டிலேயே எடுத்தோம். சுகுமார் மொபைல் கடையைப் பூட்டிவிட்டு வந்தான். ஓலை பிய்ந்த பக்கமாக அவளை உட்காரவைத்தான். அப்பா போர்வெல் வேலைக்குப் போன இடத்தில் செத்ததைச் சொல்லும்போது அழுதுவிட்டாள். நாங்கள் அழச் சொல்லவில்லை. இதை எனக்காகவே எழுதி வைக்கிறேன் — அழச் சொல்லவில்லை.

கடைசியில் இப்படிச் சொன்னாள்: "மாமா ஒருத்தரு கீறாரு, ராஜகுளத்துல. எங்களுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. மத்தபடி எங்களுக்குன்னு யாரும் இல்ல."

எடிட் பண்ணும்போது சுகுமார் நிறுத்தினான். "மாமா கீறாருன்னு சொன்னா, அப்போ அவரையே போய்க் கேளுன்னு கமெண்ட்ல கிளம்பிடுவாங்க. தூக்கிடலாமா?"

தூக்கிடு என்றேன். யோசித்துத்தான் சொன்னேன்.

தாயாரம்மாளுக்குப் போட்டுக் காட்டினோம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பார்த்தவள், முடிந்ததும், "எங்க அண்ணன் பார்த்தா?" என்றாள். அவர் எங்கே இதையெல்லாம் பார்க்கப்போகிறார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 14

நம்பவே முடியவில்லை. சிங்கப்பூர், கோயம்புத்தூர், முகம் தெரியாத யார் யாரோ. முக்கால்வாசி வந்துவிட்டது. இளமதி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். மனசு நிறைந்த நாள்.

மே 17

ட்யூஷன் நடந்துகொண்டிருந்தபோது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் படியேறி வந்து, கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். யாராவது அப்பாவாக இருக்கும் என்று பாடத்தைத் தொடர்ந்தேன். முடியும்வரை அசையவில்லை. பிள்ளைகள் போனதும் எழுந்து கும்பிட்டார்.

"நான்தான் செத்துப்போன மாமன்" என்றார்.

தினகரன். தாயாரம்மாளின் அண்ணன். ராஜகுளத்தில் தண்ணீர் லாரி ஓட்டும் முதலாளி. அவர் வட்டாரம் முழுக்க வீடியோ சுற்றியிருக்கிறது. "லாரி முன்னாடி மாலையைப் போட்டு வெச்சிட்டு, தினகரன் எப்போ போனாருன்னு எங்கிட்டயே கேக்கறானுங்க டீச்சரம்மா" என்று சிரித்தபடி சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஒரு வழி தெரிந்திருக்கும். சிரித்தார்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது யாரும் இல்லை என்று ஒரு பெண் ஊரறியச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? இந்த மண்ணில்தானே பிறந்தேன். வீடியோவில் மட்டும் அது எப்படி மறந்துபோனது எனக்கு?

மன்னிப்புக் கேட்டேன். அந்த வீடியோவை எடுத்துவிட வேண்டும், பணத்தை அனுப்பியவர்களுக்கே திருப்பிவிட வேண்டும் என்றார். "எங்க தங்கச்சி பொண்ணு பிச்சக் காசுல படிக்கக் கூடாது. நான் படிக்க வெக்கறேன்." நியாயமாகத்தான் இருந்தது. சரி என்றேன்.

மே 25, ஞாயிறு

இளமதி பெரியவளானபோது பாகத் தகராறில் தினகரன் வரவில்லை. மாமன் வந்து ஓலைக் குச்சு கட்டி, சீர் வைக்க வேண்டிய சடங்கு. அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் ஒப்பேற்றினார்களாம். அந்தச் சீரை இன்று கொண்டுவந்தார். நாலு வருஷம் கழித்து.

மேளம், டெம்போ நிறையத் தட்டு. பட்டுப்புடவை, வளையல், பழம், ஒரு தங்கச் செயின். தெருவே வேடிக்கை பார்த்தது. தாயாரம்மாள் அண்ணன் காலில் விழுந்து எழவே இல்லை. அழுகையா சந்தோஷமா தெரியவில்லை. இளமதியை மணையில் உட்காரவைத்து மாமன் மாலை போட்டார். அவள் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாள். கையைத் தூக்கி நல்லா இருக்கு என்று காட்டினேன்.

அந்த வீடியோவை எடுத்துவிட்டு, இன்றைய சீர் படங்களைப் பக்கத்தில் போட்டேன். 'இளமதிக்கு மாமா கிடைத்தார்' என்று எழுதினேன். அவருக்கு மனசு குளிரட்டும் என்றுதான்.

மே 27

என் மனசு குளிர்ந்தது போங்கள். 'தங்கச் செயின் போட்டவளுக்கு எதுக்குப் பிச்சை?' 'டீச்சர் எவ்வளவு கமிஷன் அடிச்சே?' 'போலீஸுக்குப் போங்கப்பா.' பணம் அனுப்பியவர்களே எழுதுகிறார்கள். ஒருவர் என் போட்டோவைத் தனியாக வெட்டிப் போட்டிருக்கிறார்.

மே 29

எல்லோருக்கும் பணத்தைத் திருப்பி அனுப்பினேன். பேஜாரு.

ஜூன் 3

காலேஜுக்குத் துணிமணி எடுக்க என்று தினகரன் இளமதியைக் காரில் அழைத்துப் போயிருக்கிறார். நல்ல விஷயம்தானே.

ஜூன் 9

இன்னும் வரவில்லை. மாமா வீட்டிலேயே தங்கச் சொன்னாராம். சர்ட்டிபிகேட் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப்போயிருக்கிறார். சர்ட்டிபிகேட் எதற்கு என்று தாயாரம்மாளிடம் கேட்டேன். "அண்ணன் கேட்டாரு, குட்த்தேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 13

இளமதி போன் அணைந்தே கிடக்கிறது. தினகரனைக் கூப்பிட்டேன். "டீச்சரம்மா, நாஷ்டா ஆச்சா?" காலேஜ் பீஸ் கட்டியாயிற்றா என்றேன். "பார்த்துக்கினு கீறோம்." இளமதியிடம் கொடுங்கள் என்றேன். "கொழந்த தூங்குது." மணி பதினொன்று.

ஜூன் 17

எங்கள் பள்ளியில் தண்ணீர்க் கஷ்டம். இன்று காலை ஒரு லாரி வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போனது, காசு வாங்காமல். பள்ளி நிர்வாகி என்னைக் கூப்பிட்டு, "உங்க சொந்தக்காரராமே டீச்சர், ராஜகுளத்துக்காரர். ரொம்ப நல்ல மனுஷன். நீங்க எந்த பஸ்ல வீட்டுக்குப் போவீங்கன்னுகூட அக்கறையா விசாரிச்சார்" என்றார்.

அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளைகள் குடித்தார்கள். எனக்கு இறங்கவில்லை.

ஜூன் 21

சுகுமார் கடைக்கு ராஜகுளத்துப் பையன் ஒருவன் போன் ரிப்பேருக்கு வந்திருக்கிறான். தினகரன் வீட்டில் கல்யாணமாம். அவர் மகன் விஜய்க்கு. பெண் அத்தை மகள்தானாம். ஆடி பிறந்தால் முகூர்த்தம் கிடையாது, அதனால் ஆனி முடிவதற்குள் கோயிலில் வைத்து முடித்துவிடுகிறார்களாம்.

இளமதிக்கு அக்டோபரில்தான் பதினெட்டு.

அய்யோ. நான் இன்னா பண்ணி வெச்சிருக்கேன். மாமன் கீறாருன்னு அந்தப் பொண்ணு அதும்பாட்டுக்கு நெஜத்தைத்தானே சொல்லிச்சு. நான்தானே தூக்கச் சொன்னேன்.

ஜூன் 22

குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசினேன். பெயர், ஊர், வயது எல்லாம் சொன்னேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார்கள்.

ஜூன் 25

போய்ப் பார்த்திருக்கிறார்கள். கல்யாணமா, யாரு சொன்னது, லீவுக்கு மாமா வூட்டுக்கு வந்த பொண்ணு என்று தினகரன் காபி கொடுத்திருக்கிறார். இளமதியும் அப்படியே சொல்லியிருக்கிறாள். இங்கே தாயாரம்மாளைக் கேட்டதற்கு அவளும் ஒண்ணும் இல்லை என்றிருக்கிறாள். எழுதி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். பெற்றவளே மறுக்கும்போது என்ன செய்வது, கண்காணிப்பில் வைத்திருக்கிறோம் என்று போனில் சொன்ன அம்மா உண்மையாகவே வருத்தப்பட்டார்.

ஜூன் 27

காலையில் கதவைத் திறந்தால் வாசலை அடைத்துக்கொண்டு தண்ணீர் லாரி. உள்ளே யாரும் இல்லை. எங்கள் நைனா மாட்டை ஓட்டிக்கொண்டு போக முடியாமல் அரைமணி நேரம் நின்றார். பிறகு யாரோ வந்து, ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துப் போனான்.

பெற்ற மகள் என்று நைனா என்னைத் திட்டவே மாட்டார். இன்றைக்குத் திட்டினார். "அட்த்தவங்க வூட்டு சமாச்சாரத்த ஒலகத்துக்கே காட்டச் சொல்லி உன்ன யார்மா கேட்டது? பீஸு வேணும்னா ரெண்டு பேரு ராஜகுளத்துக்குப் போயி, தினகரா, உன் தங்கச்சி பொண்ணு கீதுப்பான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவன் ரோஷத்துக்காவது கட்டியிருப்பான்."

கட்டியிருப்பாரா? தெரியவில்லை. எனக்கு அது தோன்றக்கூட இல்லை. வீடியோதான் தோன்றியது.

ஜூன் 30

கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். சீட்டை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

ஜூலை 6, ஞாயிறு

மோட்டார் கொட்டகையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். வரப்பு வழியாகத் தாயாரம்மாள் வந்தாள். நேற்று ராஜகுளம் போய்வந்தாளாம். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கு எலை போட்டு அவதான் சோறு வெச்சா டீச்சரு. நல்லாத்தான் கீறேம்மா, மாமா நல்லா பார்த்துக்கறாரு, படிப்பு வேணாம்னு நான்தான் சொன்னேன்னா. அழல. மூஞ்சில ஒண்ணுமே இல்ல. ஒரே மாதிரி ரெண்டு வாட்டி சொன்னா, ஒரு வார்த்த மாறல. எங்க அண்ணி பின்னாடியே நின்னுகினு இருந்தா. என் பொண்ணுக்கு யாரோ சொல்லிக்குட்த்து கீறாங்க. சொல்லிக்குட்த்தத அவ எப்டி ஒப்பிப்பான்னு எனக்குத் தெரியாதா? சின்னதுல இருந்து வாய்ப்பாடு கேட்டவ நானு."

என் கையிலிருந்த துணியை வாங்கிப் பிழிந்தாள்.

"அன்னிக்கு ஆபீஸருங்க கேட்டப்ப வாயத் தொறந்து சொல்லியிருப்பேன். நாலு வருசம் கழிச்சு அண்ணன் வூட்டுப் படியேறியிருந்தேன். அத்த வுட மனசு வரல." பிறகு, "அந்த நம்பரப் போடு. நீ பேசாத. நானே பேசறேன்" என்றாள்.

போட்டுக் கொடுத்தேன். பெயர் கேட்டார்கள். பெண்ணின் தாய் என்றாள். மாப்பிள்ளை யார் என்றதற்கு, என் அண்ணன் மகன் என்றாள். குரல் நடுங்கவே இல்லை.

ஜூலை 9

அழைத்துவந்துவிட்டார்கள். இந்தத் தடவை போலீஸும் போயிருக்கிறது. புடவை, தாலி எல்லாம் வாங்கி வைத்திருந்தார்களாம். தினகரன் தடுக்கவில்லை. ஜீப் கிளம்பும்போது, கூடப் போயிருந்த தங்கையிடம் வந்து, "உன் பொண்ணு வீடியோல சொன்னது கரெக்ட்டுதான். உங்களுக்கு யாரும் இல்ல" என்றாராம்.

வீட்டுக்கு அனுப்பினால் பாதுகாப்பில்லை என்று, பதினெட்டு ஆகும்வரை இளமதி காஞ்சிபுரத்தில் விடுதியில் இருக்க வேண்டுமாம்.

ஜூலை 20

தாயாரம்மாளை நடவுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. கூடப்பிறந்தவனைப் போலீஸில் காட்டிக்கொடுத்தவளாம். நைனாவிடம் சொல்லி எங்கள் நிலத்தில் வேலை கொடுக்கச் சொன்னேன். கொடுத்தார். அவள் வந்த அன்று மற்ற பெண்கள் வரவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தாயாரம்மாளோடு விடுதிக்குப் போனேன். இளமதி இளைத்திருக்கிறாள். அடுத்த வருஷம் அரசாங்கத்தில் நர்சிங் டிப்ளமோவுக்குப் போடலாம் என்று விடுதி அம்மா சொல்லியிருக்கிறாராம். அம்மா மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த வீடியோவ எட்த்துட்டீங்களா மிஸ்?"

மே மாசமே எடுத்துவிட்டேன் என்றேன். தலையாட்டினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். தாயாரம்மாளுக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது, நான் நடுவில், என் பக்கத்தில் பெருநகருக்கு டிக்கெட் வாங்கிய ஒரு வயதான அம்மா. மூக்குத்தி, மடியில் பூக்கூடை. அவர் பேரன் வாங்கிக்கொடுத்த போனாம். சத்தமாக வைத்து எதையோ பார்த்துக்கொண்டு வந்தார்.

இளமதியின் குரல் கேட்டது.

ஓலை பிய்ந்த பக்கம், அழுகை, எல்லாம் அப்படியே. பின்னால் யாரோ சோகப் பாட்டு சேர்த்திருக்கிறார்கள். பக்கத்தின் பெயர் எங்களுடையது இல்லை. கீழே ஓடிய பணம் அனுப்பும் நம்பரும் எங்களுடையது இல்லை. தாயாரம்மாள் திரும்பவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"படிச்ச பொண்ணு மாதிரி கீற. இந்த நம்பருக்கு நூறு ரூபா எப்டிம்மா அனுப்பறது?" என்று அந்த அம்மா போனை என்னிடம் நீட்டினார். கண்ணெல்லாம் ஈரம்.

"வேணாம்மா. இது ஏமாத்து. பொய்" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருமே இல்லன்னு ஒரு பொண்ணு அழுவுது. அது பொய்யா சொல்லுது?"

தாயாரம்மாள்தான் பதில் சொன்னாள், ஜன்னலைப் பார்த்தபடியே. "இல்லம்மா. அது நெஜந்தான் சொல்லுது."

பெருநகர் வந்தது. அந்த அம்மா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு, பூக்கூடையோடு இறங்கிப் போனார்.