கணுவின் மேல் ஒரு புடைப்பு

மார்ச் 3
பேத்தியின் வில்வித்தைப் பந்தயத்துக்கு ஒரே கட்டையில் செதுக்கிய நெட்டை வில் வேண்டுமாம். செய்து தரப்போவது சம்பந்தி, மருமகளைப் பெற்றவர். எங்கள் கூடத்திலேயே பட்டறை போட்டுவிட்டார். கல்யாணத்தன்று நான் பாலிஷ் போட்ட கட்டிலைப் பார்த்து, "பூச்சு பளபளன்னுதான் இருக்கு, உள்ள மரம் என்ன லட்சணமோ" என்று நாலு பேர் நடுவில் சொன்ன மனுஷன். மறப்பேனா? அன்றைக்கு அவர் சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை.

மார்ச் 5
மரம் பொறுக்கினார். நேராக, அழகாக இருந்ததைத் தள்ளிவிட்டு, கணு விழுந்ததை எடுத்தார். "அழகா இருக்கறதுல நார் பாதியிலயே வெளிய ஓடிடுது, சம்பந்தியம்மா. இதுல முனைக்கு முனை அறுபடாம போகுது. வில்லோட வெளிப்பக்கம் இருக்கே, முதுகு, அது மரத்தோட ஒரே வருஷ வளையமா இருக்கணும். மேடோ பள்ளமோ, அது போற போக்குல விட்டுடணும், நாரை அறுக்கக் கூடாது."
பெரிய்ய ஆள்.

மார்ச் 16
வில்லுக்கு உருவம் வந்துவிட்டது. முதுகில் மட்டும், கணு இருக்குமிடத்தில், கொசு கடித்ததுபோல் ஒரு புடைப்பு. இதை இழைக்கத் தெரியாதவர் என் கட்டிலைச் சொன்னார்! நாற்காலிக் கடையில் தேய்த்துத் தேய்த்துக் காய்த்த கை இது. மதியம் அவர் கண்ணயர்ந்ததும் உப்புத்தாளை எடுத்தேன். கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டேன்.

மார்ச் 17
உடைந்தது. பாதி வளைக்கும்போதே, அந்தக் கணுவில்.
"மரம் பாத்து எடுத்தேன்னீங்களே தாத்தா! இனிமே நான் எதை வச்சுப் போவேன்?" என்று பேத்தி அழுதாள்.
உடைந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "நான் எடுத்ததுதாம்மா தப்பு" என்றார்.
மேடோ பள்ளமோ என்று சொன்னாரே. சொன்னது ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருக்கிறதே எனக்கு. அப்புறம் ஏன்டி தேய்ச்சே?

மார்ச் 18
தேய்த்தது நான்தான் என்று இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 19
"தாத்தாவுக்கு மரமே தெரியாது" என்று பேத்தி யாரிடமோ போனில் சொன்னாள். இத்தனை வருஷமாக நான் கேட்க ஆசைப்பட்ட பேச்சு. கேட்டதும் உடம்பு கூசிப்போனது. எல்லோரும் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்.
"பூனைதான் தேய்ச்சிருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார் சம்பந்தி. யாரும் சிரிக்கவில்லை. தெரிந்தே பழியைச் சுமந்திருக்கிறார்.
"வேணும்னே செஞ்சீங்களா பாட்டி?"
உடையும் என்று நினைக்கவில்லை. அவர் தலை குனியட்டும் என்று நினைத்தேன். இதை எப்படிச் சொல்வது?

மார்ச் 26
பந்தயம் இன்று. அவள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறாள்.

ஏப்ரல் 12
அடுத்த பந்தயத்துக்கு மரம் எடுக்க மூன்று பேரும் போனோம். சம்பந்திதான் கூப்பிட்டார். கிடைத்ததிலும் ஒரு கணு இருந்தது. நீளமான கட்டை, அவருக்கு முழங்கால் வலி.
"அந்தப் பக்கம் பிடிங்க பாட்டி." இத்தனை நாளில் அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.
பிடித்தேன். கணு என் கைக்குப் பக்கத்திலேயே வந்தது. வீடு வரும்வரை விரலை நகர்த்தவில்லை.