மூடிய தொழிற்சாலையில் நான் வேலை செய்த இரண்டு வாரங்கள் குறித்து

அனுப்புநர்:
முன்னாள் நேரக்காப்பாளர் (வயது 69, கணவரை இழந்தவர்),
கையுறைத் தொழிற்சாலை (மூடப்பட்டது).

பெறுநர்:
மண்டல மேலாளர் அவர்கள்,
மருத்துவக் காப்பீட்டு அலுவலகம்.

பொருள்: வேலை இழந்தபின் குழுக் காப்பீட்டைத் தனிநபர் காப்பீடாக மாற்றக் கோரியது – காலம் கடந்ததெனத் திருப்பப்பட்டது – மறுபரிசீலனை வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தொழிற்சாலை மார்ச் 3 அன்று மூடப்பட்டது. அறிவிப்பை வாசலில் ஒட்டியவளே நான்தான். கடைசி வேலைநாளிலிருந்து நாற்பத்தைந்து நாட்களுக்குள் விண்ணப்பித்தால், குழுக் காப்பீட்டை இடைவெளியின்றித் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது தங்கள் விதி. நான் ஏப்ரல் 29 அன்று விண்ணப்பித்தேன். என் கணக்கில் அது நாற்பத்து மூன்றாம் நாள். தங்கள் கணக்கில் ஐம்பத்தேழாம் நாள். இரண்டிலும் கூட்டல் சரியே. தொடங்கிய நாள்தான் வேறு.

2. என் கடைசி வேலைநாள் மார்ச் 17. இதைச் சொன்னபோது மூன்றாம் கவுன்ட்டர் எழுத்தர், "மூடின கம்பெனிக்கு தினமும் போயிட்டு வந்தீங்களா பாட்டி? அங்க யாருக்கு அட்டெண்டன்ஸ் போட்டீங்க?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அவருக்குப் பாட்டி அல்ல. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. பதிலைக் கேட்க அவருக்கு நேரம் இல்லாததால் தங்களிடம் கூறுகிறேன்.

3. வேலை இழந்த மற்ற நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் இதே காப்பீட்டு மாற்றத்துக்குப் பணிச்சான்று தேவைப்பட்டது. சான்று எழுத வேண்டுமானால் வருகைப் பதிவேடுகளை முடித்தாக வேண்டும். "நீங்களே முடிச்சுக் குடுத்துட்டு சாவிய ஒப்படைச்சுடுங்கம்மா" என்றார் எங்கள் தொழிற்சாலை மேலாளர். மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்தது. கையுறை வார்க்கும் பீங்கான் கைகள் வரிசையாக மேல்நோக்கி நின்ற கூடத்தில், சன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதினேன். என் வருகையை நானே பதிவது முறையல்ல என்பதால் நாள்தோறும் வாசல் காவலரின் கையொப்பம் பெற்றேன்.

4. மேலாளர் சொன்னதை எழுத்தில் வாங்கவில்லை. முப்பத்தோர் ஆண்டுகள், அரைநாள் விடுப்புக்குக்கூட எழுத்தில் கேட்டவள் நான். "இந்தம்மாகிட்ட தும்மறதுக்கும் லெட்டர் குடுக்கணும்டி" என்று பேக்கிங் பகுதிப் பெண்கள் என் காதுபடவே பேசுவார்கள். எனக்கென்று வந்தபோது கேட்கத் தோன்றவில்லை. அது என் பிழை. மேலாளர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். நான் அவருக்கு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

5. அதே பதிவேட்டை ஏற்று நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் காப்பீடு மாற்றித் தந்துள்ளீர்கள். அதே ஏடு, அதே கையெழுத்து. எந்தப் பக்கத்திலிருந்து அது செல்லாமல் போகிறது? குத்தலாகக் கேட்கவில்லை, ஐயா. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

6. புதிய காப்பீடு எடுக்கச் சொல்கிறார்கள். அதில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமாம். என் இதய வால்வு அறுவை சிகிச்சைக்கு ஜூன் 3 என நாள் குறித்திருக்கிறார்கள். நான் காத்திருப்பேன். வால்வு காத்திருக்கும் என எழுதித் தர மருத்துவர் மறுக்கிறார்.

எனவே, காவலரை நேரில் விசாரித்து, மார்ச் 17-ஐ என் கடைசி வேலைநாளாக ஏற்று, ஜூன் 3-க்கு முன் ஆணையிட வேண்டுகிறேன். மறுப்பதானால் விதி எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் தெரிவியுங்கள். பதிவேட்டை நம்ப முடியாது என்று முடிவு செய்தால், அந்த முடிவை என் வரியோடு நிறுத்திவிடுங்கள். மற்ற நூற்றுப் பன்னிரண்டு பேரின் வரிகளும் சரியானவை. அவற்றுக்கு நான் பொறுப்பு.

தங்கள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
முன்னாள் நேரக்காப்பாளர்

இடம்: தங்கள் அலுவலகக் காத்திருப்புக் கூடம்
நாள்: மே 12

இணைப்பு: பதிவேட்டின் நகல்; காவலரின் கடிதம்; மருத்துவரின் சீட்டு.