இடது காலுக்கு ஒரு வேலை

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

புது கார் வந்துவிட்டது. கிளட்ச் இல்லாதது. என் இடது முழங்காலைக் காப்பாற்றவாம். மகன் ராஜபாண்டியன் பாடம் நடத்தினான்: "அம்மா, இனிமே வலது கால் மட்டுந்தான். ஆக்சிலேட்டருக்கும் அதான், பிரேக்குக்கும் அதான். இடது காலை ஓரமா வச்சிட்டு மறந்துருங்க."

பெற்ற பிள்ளை, ஒரு காலை மறக்கச் சொல்கிறான். கான்வென்டில் ஆர்கன் வாசிக்கும்போது இரண்டு காலும் மிதித்தாக வேண்டும். ஒன்று சோம்பினால் பிரம்பு பேசும். வண்டியில் இரண்டு மிதி, எனக்கு இரண்டு கால். இதில் என்ன குழப்பம்? வலது ஓட்டும், இடது நிறுத்தும்.

ஆகஸ்ட் 6, புதன்

தெருமுனையில் இன்று ஒரு ஆட்டுக்குட்டியைக் காப்பாற்றியது என் இடது கால். பின்னால் வந்த பால்காரர் பிழைத்தது அவர் சாமர்த்தியம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கொழுந்தனார் அய்யாதுரையை இருக்கன்குடி கோயிலுக்கு அழைத்துப் போனேன். போகும் வழியெல்லாம் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். "மதினி, பிரேக்கை மிதிக்கீகளா, கரப்பானை மிதிக்கீகளா? நாப்பது வருசமா கிளட்சு அமுக்குன காலு அது. மெல்ல மிதிக்க அதுக்கு எங்க தெரியும்?"

தெரியாதென்றால் பழக்க வேண்டியதுதானே. திரும்பி வரும்போது இடது காலை பிரேக்கின்மேல் இலேசாக வைத்தே ஓட்டினேன். குலுங்கவில்லை. அவர் தூங்கிவிட்டார்.

அதையும் மகனிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அவன் குதித்தான். "எந்நேரமும் பிரேக்குல கால் இருந்தா சூடேறும்மா. பதட்டத்துல ரெண்டையும் சேத்து அமுக்கிருவீக. ஒரே காலுன்னா, ஆக்சிலேட்டரை விட்டாத்தானே பிரேக்கு? இன்னொரு புகார் வரட்டும், சாவி எங்கிட்ட. டிரைவர் போட்டுருவேன்."

டிரைவரா! என் வீட்டுக்காரர் இறந்த பிறகு யாரிடமும் கேட்காமல் நான் வெளியே போய்வருவது அந்தச் சாவியால்தான்.

ஆகஸ்ட் 13, புதன்

சாத்தூர் சாலையில் ஒரு லாரிக்காரன் பக்கத்தில் வந்து கத்தினான்: "ஆத்தா, பின்னாடி செவப்பு லைட்டு அணையவே மாட்டேங்குது. நிக்கப் போறீகளா, போகப் போறீகளா?" கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். அறிமுகமில்லாதவர்களோடு நான் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று நடந்ததை மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

காலையில் விஸ்வநத்தத்திலுள்ள நம் பட்டாசுக் கம்பெனிக்குப் போனேன். தீபாவளி சீசன், எல்லா அறையிலும் ஆட்கள். கேட்டுக்கு வெளியே காரை நிறுத்தி இறங்கினேன். காற்று என் பக்கமிருந்து உள்ளே வீசிக்கொண்டிருந்தது. உள்ளே வேலை பார்க்கும் சின்னத்தாயின் குரல் — "கருகுற வாடை!"

அவ்வளவுதான். பட்டாசுக் கம்பெனியில் என்ன, எங்கே என்று யாரும் கேட்பதில்லை, முதலில் ஓடுவார்கள். அறைக்கு அறை பெண்கள் வெளியே பாய்ந்து பொட்டல் காட்டைப் பார்த்து ஓடினார்கள். "யாரைக் கேட்டு வேலையை விட்டீர்கள்?" என்று நான் அதட்டிக்கொண்டிருந்தேன். சின்னத்தாய் என் கையைப் பிடித்து இழுத்தாள். "மொதலாளியம்மா, வாய் பெறவு பேசட்டும், இப்ப ஓடுங்க!"

ஓடினேன். எழுபத்திரண்டு வயதில், செருப்பை விட்டுவிட்டு.

காட்டில் நின்று மூச்சு வாங்கும்போதுதான் அவள் மகளைத் தேடினாள். மகள் மருந்து கலக்கும் அறையில் இருந்தவள். "செல்வி! ஏ செல்வலட்சுமி!" அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. கூட்டத்துக்குள்ளிருந்து அந்தப் பெண் கையை உயர்த்திய பிறகும் சின்னத்தாய் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

வாட்ச்மேன் மாரிக்கண்ணன் கண்டுபிடித்துவிட்டுக் கத்தினான்: "ஒன்னுமில்ல, எல்லாரும் வாங்க! மொதலாளியம்மா கார்ச் சக்கரந்தான் புகையுது!"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

ஆகஸ்ட் 20, புதன்

பிரேக் கட்டை கருகிவிட்டதாம். தயாரிப்புக் கோளாறு என்று கார் கம்பெனிக்காரனுக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். இரண்டாவது வரியில் அந்தக் குரல் கேட்டது — செல்வி, ஏ செல்வலட்சுமி. கிழித்துப் போட்டேன்.

ராஜபாண்டியன் கேட்பதற்கு முன்பே சாவியை அவன் மேசையில் வைத்துவிட்டேன். அவன் அதை எடுத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினான். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேனே!

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கார் சரியாகி வந்தது. மகனிடமிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சாவி வாங்கிக்கொண்டு காலி மைதானத்துக்குப் போனேன். பக்கத்தில் கொழுந்தனார், வேறு யார்? இடது கால் தானாகவே பாய்கிறது. சொன்னால் கேட்கவில்லை. கடைசியில் ஒரு துண்டால் அதை சீட்டோடு சேர்த்துக் கட்டினேன்.

"மதினி, இதென்ன, கிடாயைக் கட்டுற மாதிரி?"

"பேசாமல் வாருங்கள்."

இருபது சுற்று. கடைசி ஐந்தில் துண்டு இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

சாவி என்னிடமே திரும்பி வந்துவிட்டது. கம்பெனிக்குத் தனியாகப் போனேன். கேட்டில் மாரிக்கண்ணன் ஒரு வணக்கம் வைத்துவிட்டு, காரைச் சுற்றி வந்து குனிந்து நான்கு சக்கரத்தையும் மோந்து பார்த்தான். போன மாதமாக இருந்திருந்தால் அவனுக்கு அன்றோடு வேலை போயிருக்கும். உள்ளே சின்னத்தாய் வாசலில் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அதையேதான் பார்த்தேன்.

"ஒரு வாடையும் இல்ல, மொதலாளியம்மா."

"பின்சக்கரத்தை இன்னொரு தடவை பார்" என்றேன்.