ஸ்ரீவில்லிபுத்தூரில் கிடைத்த இன்ஜின்

ஜெபக்கனி,

நீ கோயில்ல இருந்து வர்ற வரைக்கும் நிக்க நேரமில்லை. சோறு வடிச்சாச்சு, கொழம்பை மட்டும் சுட வச்சுக்கோ.

நம்ம பழுதான காருக்கு ராஜபாளையம் பூரா அலைஞ்சும் கிடைக்காத மாருதி இன்ஜின், ஸ்ரீவில்லிபுத்தூர்ல நஸ்ருதீன் ஒர்க்‌ஷாப்புல இருந்துச்சு. நேத்து மாட்டியாச்சு. இன்னைக்கு ஓட்டிட்டு வாரேன்.

அது நம்ம பையன் பெனினோட கார் இன்ஜின். அவன் ஆக்சிடென்ட்ல போன பொறவு, உன்ட்ட ஒரு வார்த்தை கேக்காம நான் இரும்புக்கடைக்குத் தள்ளிவிட்டேன்ல, அதே கார். மேல்மூடியில அவன் சாவியால கீறுன சிலுவை அப்படியே இருக்கு. வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

ரெண்டு வருசமா நீ முகம் கொடுத்துப் பேசலை. இன்னைக்காவது திட்டிரு.

இன்னொண்ணு. சாயங்காலம் தெருமுனையில அவன் வண்டிச் சத்தம் வரும். கேட்டைத் திறக்க ஓடி வந்துராதே. நான்தான் வாரேன்.