மீன் வண்டி ஓட்டுநர் கொளஞ்சியப்பனின் உரிமத்தை முடக்க வேண்டாம்

அனுப்புநர்
அ. சைபுல்லா,
அறிவியல் ஆசிரியர் (ஓய்வு),
பரங்கிப்பேட்டை, கடலூர் மாவட்டம்.

பெறுநர்
வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: 23.09.2024 அன்று பி.முட்லூர் பாலச் சரிவில் எனது பிக்கப் வண்டி கவிழ்ந்தது – பிரேக் குழாய் துருப்பிடித்து உடைந்தது – தவறு உரிமையாளராகிய என்னுடையது – ஓட்டுநர் மீதான நடவடிக்கையைக் கைவிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

விசாரணையின்போது ஓர் அலுவலர் என்னிடம், "வண்டி உங்களுது, நஷ்டமும் உங்களுக்கு. ஓட்டுனவருக்கு ஏன் சார் நீங்க வாதாடுறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதன் விடை இரண்டு வரியில் அடங்காது. அதனால் எழுதுகிறேன்.

1. வண்டி 2010-ஆம் ஆண்டுத் தயாரிப்பு. கொளஞ்சியப்பன் ஒன்பது ஆண்டுகளாகக் கிள்ளையிலிருந்து கடலூருக்கு அதில் மீன் ஏற்றிச் செல்கிறார். ஐஸ் உருகி, மீனின் உப்போடு சேர்ந்து, அடியில் ஓடும் பிரேக் குழாய்மேல் வழியெல்லாம் சொட்டும். அது போதாதென்று, திரும்பி வந்ததும் வண்டியைக் கழிமுகத் தண்ணீரில் கழுவுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஓர் இரும்பாணியை நல்ல தண்ணீரிலும் மற்றொன்றை உப்புத் தண்ணீரிலும் போட்டு, எது முதலில் துருப்பிடிக்கிறது என்று எட்டாம் வகுப்புக்குக் காட்டுவோம். முப்பத்தோரு ஆண்டுகள் அதைக் காட்டிய நான், என் வண்டியை உப்புத் தண்ணீரில் கழுவவிட்டேன்.

2. ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்காக எஃப்.சி.க்குப் போகுமுன் அடிப்பாகம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடிப்பதும் வழக்கம். ஜூலையில் நானும் அடிக்கச் சொன்னேன், துரு மறைந்தது. ஆய்வு செய்தவர்மேல் குறையில்லை, மறைத்தவன் நான். ஆகஸ்டில் கொளஞ்சியப்பன், பிரேக் மிதி கொஞ்சம் இறங்குவதாகச் சொன்னார். பிரேக் ஆயில் ஊற்றி ஓட்டச் சொன்னேன். ஊற்றியதும் சரியானது. அத்தோடு மறந்தும்போனேன்.

3. விபத்தன்று காலை ஆறரை மணிக்குப் பாலச் சரிவில் மிதி தரையைத் தொட்டது. கீழே, சிப்காட் கம்பெனிப் பேருந்துக்காக ஒன்பது பெண்கள் நின்றிருந்தனர். கொளஞ்சியப்பன் ஹாரனை அழுத்தியபடியே மூன்றாவது கியர், இரண்டாவது கியர் என்று இறக்கி, கைபிரேக்கை இழுத்து, இடப்பக்க நாற்றங்கால் சேற்றுக்குள் வண்டியைத் திருப்பினார். வண்டி சாய்ந்தது. அவருடைய இடது மணிக்கட்டு முறிந்தது. வேறு யாருக்கும் கீறல்கூட இல்லை. அங்கே நின்றிருந்த இலக்கியா என்ற தொழிலாளி என்னிடம் சொன்னார்: "அண்ணன் ஹாரன விடவே இல்ல சார். நாங்க திட்டிக்கிட்டேதான் ஓடுனோம். அவரு கையப் புடிச்சிக்கிட்டு எந்திரிச்சி, யாருக்காச்சும் பட்டுச்சாம்மான்னுதான் மொதல்ல கேட்டாரு." அவரது கையொப்பமிட்ட வாக்குமூலத்தை இணைத்துள்ளேன்.

4. மெக்கானிக் காசிம் அடியில் படுத்துக் குழாயைச் சுரண்டினார். செதில் செதிலாக உதிர்ந்தது. "பெயிண்டுதான் சார் இத்தினி நாளு பைப்பா இருந்துருக்கு" என்றார். அந்தக் குழாயையும் உறையிலிட்டு இணைத்துள்ளேன்.

5. "ஆபத்தாக ஓட்டியமைக்காக உரிமத்தை ஏன் முடக்கக் கூடாது" என்று கொளஞ்சியப்பனுக்கு அறிவிப்பு வந்துள்ளது. உரிமம் போனால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. ஐயா, அந்தச் சில விநாடிகளில் அவர் ஓட்டியதைவிடக் கவனமாக ஒருவர் ஓட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் என் வண்டியின் ஓட்டுநர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு நிறைந்த பெருமை. இன்னொரு பெருமையும் உண்டு. கைக்கட்டோடு அவரே வீடு வீடாகப் போய்ப் பேசியதில், கிள்ளையின் பதினான்கு மீன் வண்டிகளில் பதினொன்றுக்குப் புதுக் குழாய் போட்டாயிற்று. எல்லாரும் இப்போது போர்வெல் தண்ணீரில்தான் கழுவுகிறார்கள். யாரும் ஆணையிடாமல் அவர்களாகச் செய்தது இது.

எனவே, கொளஞ்சியப்பன் மீதான நடவடிக்கையைக் கைவிட்டு, சட்டப்படி உரியதை உரிமையாளராகிய என்மேல் எடுக்குமாறு வேண்டுகிறேன். மீன் ஏற்றும் பழைய வண்டிகள் பிரேக் குழாயில் பெயிண்ட் அடிக்காமல்தான் எஃப்.சி.க்கு வர வேண்டும் என அறிவிக்கவும் கோருகிறேன்.

அந்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நாளை வரும் முதல் மீன் வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, ஒரு நிமிடம் அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள்; மிதி மெல்ல இறங்கினால் அந்த வண்டியை வெளியே விடாதீர்கள்.

இடம்: பரங்கிப்பேட்டை
நாள்: 14.10.2024

இப்படிக்கு,
தவறை ஒப்புக்கொள்ளும் உரிமையாளர்,
(ஒப்பம்) அ. சைபுல்லா